எல்லாருக்கும் ஒய்.பி.: சுங்கை பூலோவும் கட்சி கடந்த மக்கள் சேவையும்



இந்தச் சொற்பொழிவின் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அறக்கட்டளையினர் என்னிடமே விட்டார்கள். இலக்கியம் பேசலாம், வரலாறு பேசலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். வாடகைக் கடைவீட்டின் மேல்மாடியில், பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஓர் ஒளிநகல் இயந்திரமுமாக இருக்குமே, அந்த அலுவலகம்தான். அப்படிப்பட்ட இடங்களில் உட்கார்ந்து பல காலம் மனு எழுதிக் கொடுத்தவன் நான். நம் மக்களின் வாழ்க்கையை அந்த அறை எவ்வளவு தீர்மானிக்கிறது என்பது மேடைகளில் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். சுங்கை பூலோ என்றால் வெளியூர்க்காரருக்குச் சிறைச்சாலை நினைவுக்கு வரும். இன்றைய பிரதமர் அன்வார் இப்ராஹிம் அடைபட்டிருந்த சிறை அது. அடுத்து மருத்துவமனை, கோவிட் காலத்தில் நாடே அந்தப் பெயரை அன்றாடம் செய்தியில் கேட்டது. அதற்கும் முன்னால், 1930இல் இங்கே தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. உலகின் பெரிய தொழுநோயாளர் குடியிருப்புகளில் ஒன்று அது. நோயாளிகளைச் சங்கிலியிட்டு அடைத்துவைக்காமல் வீடும் தோட்டமும் கொடுத்து வாழவைக்கலாம் என்று டாக்டர் டிராவர்ஸ் வாதாடியதன் விளைவு. டாப்சோன் மருந்துக்குத் தொழுநோய்க் கிருமி எதிர்ப்புச் சக்தி பெறுகிறது என்பதை 1964இல் உலகுக்கு நிரூபித்த ஆய்வும் இங்கே நடந்ததுதான். குணமாகி அங்கேயே தங்கியவர்கள் வளர்த்து விற்கத் தொடங்கிய செடிகளால்தான் இன்று சாலையோரம் நெடுகிலும் பூச்செடிக் கடைகள். இன்னொரு பக்கம் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் தோட்டம் இருந்தது. நம்மவர்கள் பால் மரம் வெட்டிய அந்த நிலம் இன்று குவாசா டாமன்சாரா; எம்ஆர்டி ரயில் ஓடுகிறது.

சிறை, மருத்துவமனை, தோட்டம், குடியிருப்பு என்று அரசாங்கத்தின் கை இவ்வளவு நேரடியாகப் படிந்த ஊர்கள் இந்த நாட்டில் குறைவு. அரசாங்கத்தோடு பேச ஆள் தேவைப்படும் ஊர் இது. அந்த ஆளை, நாடாளுமன்ற அல்லது சட்டமன்ற உறுப்பினரைத்தான், ஒய்.பி. என்கிறோம்.

இந்த ஒய்.பி. யாருக்கு ஒய்.பி.?

2022 நவம்பர் 19 அன்று நடந்த பொதுத்தேர்தலை எடுத்துக்கொள்வோம். நாடு முழுவதும் கவனித்த போட்டிகளில் சுங்கை பூலோவும் ஒன்று. தேசிய முன்னணியின் சார்பில் அன்றைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் நின்றார். பக்காத்தான் ஹராப்பானின் சார்பில் பிகேஆர் வேட்பாளர் இரமணன் ராமகிருஷ்ணன். இரமணனுக்கு 50,943 வாக்கு, கைரிக்கு 48,250. வித்தியாசம் 2,693. மூன்றாவதாக வந்த பெரிக்காத்தான் நேஷனல் வேட்பாளருக்கும் கணிசமான வாக்கு. ஆக, வென்றவருக்கு வாக்களித்தவர்களைவிட அளிக்காதவர்களே தொகுதியில் அதிகம். இதில் இரமணனின் குறை எதுவும் இல்லை. பல முனைப் போட்டியின் கணக்கு அப்படித்தான் வரும். ஆனால் அந்தப் பெரும்பான்மைக்கும் அவர்தான் உறுப்பினர்.

அடுத்த ஐந்தாம் நாள், நவம்பர் 24 அன்று, அன்வார் பிரதமராகப் பதவியேற்றார். சுங்கை பூலோவில் ஒன்றையொன்று எதிர்த்துப் போட்டியிட்ட பக்காத்தானும் தேசிய முன்னணியும் ஒரே அரசாங்கத்தில் அமர்ந்தன. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சிலாங்கூர் மாநிலத் தேர்தல் வந்தது. இந்தத் தொகுதிக்குள் இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும்: பாயா ஜெராஸ், கோத்தா டாமன்சாரா. கோத்தா டாமன்சாராவைப் பக்காத்தான் வென்றது. பாயா ஜெராஸ் பாஸ் கட்சிக்குப் போனது. அதாவது பாயா ஜெராஸில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு நாடாளுமன்ற உறுப்பினர் பிகேஆர், சட்டமன்ற உறுப்பினர் பாஸ். மகனின் பிறப்புப் பத்திரத்துக்கு ஒரு கதவு, வீட்டு முன்னால் அடைத்துக்கொண்ட கால்வாய்க்கு இன்னொரு கதவு. இரண்டு கதவையும் தட்டித்தான் ஆக வேண்டும்.

நம் சமூகத்துக்கு இது வெறும் அரசியல் சுவாரசியம் இல்லை. 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் இந்தியர்கள் பெரும்பான்மையாக இருக்கும் தொகுதி ஒன்றுகூட இல்லை. எந்தத் தொகுதியிலும் நாம் தனியே ஒருவரை வெல்ல வைக்க முடியாது. எந்தக் கட்சிக்காரர் வென்றாலும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். ஆகவே கட்சி பார்க்காத சேவை என்பது மற்றவர்களுக்கு நல்லொழுக்கமாக இருக்கலாம். நமக்கு அது வாழ்வாதாரம்.

மேல்மாடி அறைக்குள் என்னதான் நடக்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

காலையில் கதவு திறந்ததும் வருபவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். அதற்குள் மடித்து மடித்து நைந்துபோன காகிதங்கள். சிலர் சமூக நல இலாகாவின் உதவித்தொகை நின்றுவிட்டது என்பார்கள். சிலர் சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி. கணவர் வேலையில் விபத்துக்குள்ளாகி வருடம் ஓடிவிட்டது, முதலாளி சந்தா கட்டவே இல்லை என்று தெரியவரும். அடுக்குமாடி வீட்டில் மின்தூக்கி ஓடவில்லை, பள்ளியில் இடம் கிடைக்கவில்லை, கோயில் நிலத்துக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. இவற்றுள் மிகவும் கனமானது குடியுரிமைக் கோப்பு.

அடிக்கடி வரும் வகை ஒன்றைச் சொல்கிறேன். அப்பாவிடம் குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை இருக்கிறது. இங்கேயே பிறந்தவர், இங்கேயே வாக்களிப்பவர். அம்மாவும் இங்கே தோட்டத்தில் பிறந்தவர்தான், ஆனால் அவருடைய பிறப்பை யாரும் பதியவில்லை. கையில் எந்தப் பத்திரமும் இல்லை. இருவரும் தோட்டத்துக் கோயிலில் உற்றார் உறவினர் முன்னால் தாலி கட்டிக்கொண்டவர்கள். பிள்ளை பிறந்தது அரசாங்க மருத்துவமனையில். பிறப்புப் பத்திரத்தில் பிள்ளையின் நிலை என்ற கட்டத்தில் 'புக்கான் வார்கானெகாரா', குடிமகன் அல்ல, என்று அச்சாகி வருகிறது. குடும்பத்துக்கு இது புரிவதே இல்லை. அப்பாதான் குடிமகன் ஆயிற்றே!

சட்டம் இப்படிப் போகிறது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன் பிறகு பதிவு செய்யாத திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணம் ஆகாது. ஐயர் ஓதியிருக்கலாம், ஆயிரம் பேர் அட்சதை தூவியிருக்கலாம். பதிவு இல்லையென்றால் பிள்ளை திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அரசியலமைப்பின்படி தாயின் நிலைதான் கணக்கு. தாய்க்குப் பத்திரம் இல்லை, ஆகவே பிள்ளைக்கு நாடு இல்லை. 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றத்தில் இது போன்ற ஒரு வழக்கு வந்தது. பெற்றோர் பிள்ளை பிறந்த பிறகு திருமணம் செய்துகொண்டவர்கள், தந்தை மலேசியர். ஏழு நீதிபதிகளில் நால்வர் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்றார்கள், மூவர் உண்டு என்றார்கள்.

அதன் பிறகு மிஞ்சுவது அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் உள்துறை அமைச்சருக்கு மனு. குறித்த வயது வரம்புக்குள் போட வேண்டும். முடிவு அமைச்சரின் விருப்பம். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, காரணம் சொல்லாத மறுப்புக் கடிதம் வந்து, மீண்டும் மனு போட்டவர்களை நான் அறிவேன். இடையில் அந்தப் பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து வங்கிக் கணக்குவரை ஒவ்வொன்றும் ஒரு போராட்டம். மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம்.

இந்தக் கோப்பில் ஒய்.பி. செய்யக்கூடியது என்ன? சட்டத்தை அவர் ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் எந்தப் பாரத்தை நிரப்ப வேண்டும், யாரிடம் சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டும், மருத்துவமனைப் பதிவேட்டின் நகலை எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒரு உதவியாளரை அமர்த்தலாம். தேசியப் பதிவு இலாகாவுக்குத் தம் பெயரில் கடிதம் கொடுக்கலாம். மக்களவையில் கேள்வி எழுப்பி எத்தனை மனு நிலுவையில் இருக்கிறது என்று அமைச்சரைப் பதில் சொல்ல வைக்கலாம். இந்த மூன்று வேலையிலும் பாஸ் உறுப்பினர், ஜசெக உறுப்பினர், அம்னோ உறுப்பினர் என்ற பேதத்துக்கே இடமில்லை. 2018இல் பக்காத்தான் அரசாங்கம் 60 வயதைக் கடந்த, நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அட்டை வைத்திருந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அறிவித்தது. அதற்கு முன் 2011இல் தேசிய முன்னணி அரசாங்கம் மைடாஃப்தார் என்ற பதிவு இயக்கத்தை நடத்தியது. இரண்டிலும் பயன் உண்டு. இரண்டுக்கும் பிறகும் பிளாஸ்டிக் பைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

சட்டம் இயற்ற வேண்டியவர் ஏன் கால்வாயையும் மின்தூக்கியையும் பார்க்கிறார் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதில் நம் வரலாற்றில் இருக்கிறது. அதில் ஒரு தமிழரின் பெயரும் இருக்கிறது.

இந்த நாட்டில் ஒரு காலத்தில் ஊராட்சித் தேர்தல் இருந்தது. நகர மன்ற உறுப்பினரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய 1965இல் அந்தத் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. நிலைமை சீரானதும் திரும்ப வரும் என்றே அன்று சொல்லப்பட்டது. அதே ஆண்டு, ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். மஇகாவின் தலைவர்களில் ஒருவர், வழக்கறிஞர், ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகி அம்மையாரின் கணவர். நாடு முழுக்க விசாரித்துத் தயாரித்த அறிக்கையில் அவருடைய ஆணையம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அவர் ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவர் என்பதை நினைவில் வையுங்கள். தம் தரப்புக்குப் பிடிக்காத முடிவு என்று தெரிந்தும் எழுதினார். அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கட்சி கடந்த பொதுப்பணி என்று இந்த நாட்டில் யாராவது பாடம் நடத்தினால் ஆதி நாகப்பன் அறிக்கையிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். நம் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியவில்லையே என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அன்றிலிருந்து நகராண்மை உறுப்பினர்கள் நியமனம்தான். நியமிக்கப்பட்டவரை மக்கள் மாற்ற முடியாது, மக்களால் மாற்றக்கூடியவர் ஒய்.பி. ஒருவரே. ஆகவே குப்பையும் கால்வாயும் தெருவிளக்கும் அவர் தலையில் வந்து விழுந்தன. சுங்கை பூலோவில் இது இன்னும் சிக்கல். ஊரின் ஒரு பகுதி பெட்டாலிங் மாவட்டம், இன்னொரு பகுதி கோம்பாக் மாவட்டம். ஒரு பக்கம் ஷா ஆலாம் மாநகர் மன்றம், கோத்தா டாமன்சாரா பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றம், தொழுநோயாளர் குடியிருப்புப் பக்கம் செலாயாங். 2007இல் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்துக்காக அந்தக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோது, வயதான குடியிருப்பாளர்கள் எந்த அலுவலகத்திடம் முறையிடுவது என்று தெரியாமல் தவித்தார்கள். மக்கள் சுங்கை பூலோ என்று ஒரே பெயரைத்தான் சொல்கிறார்கள். அலுவலகங்களுக்கு அது மூன்று ஊர்.

இனி இந்தத் தொகுதியின் முன்னாள் உறுப்பினர் ஒருவரைப் பற்றி. சிவராசா ராசையா. மனித உரிமை வழக்கறிஞர். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபர்டில் சட்டம் படித்தவர். 2008இல் சுபாங் என்ற பெயரில் இருந்த இந்தத் தொகுதியை வென்றார். 2018இல் தொகுதிக்குச் சுங்கை பூலோ என்று பெயர் மாறியது. அப்போதும் வென்று 2022வரை இருந்தார். அதில் முதல் பத்தாண்டு எதிர்க்கட்சி வரிசை. பிறகு ஊரக மேம்பாட்டுத் துணையமைச்சர்.

அவரைப் பற்றிச் சொல்லும்போது தொகுதி நிகழ்ச்சிகளைவிட ஒரு வழக்கைத்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வழக்கறிஞர் மன்றத்தில் பதவி வகிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் கட்சிப் பொறுப்பாளர்களுக்கும் வழக்கறிஞர் தொழில் சட்டம் தடை விதித்திருந்தது. சிவராசா தம் பெயரிலேயே வழக்குத் தொடுத்தார். 2010இல் வெளியான கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பில் அவர் தோற்றார். தடை செல்லும் என்றார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கோபால் ஸ்ரீராம் அதே ஏட்டில் அடிப்படை உரிமைகளைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சாதாரணச் சட்டத்தால் சிதைக்க முடியாது என்று பதிந்தார். பிற்காலத்தில் பிள்ளைகளின் மதமாற்றம் குறித்த இந்திரா காந்தி வழக்குவரை அந்த வரிகள் நீதிமன்றங்களில் துணை நின்றன. தமக்குக் கிடைக்காத பயனை ஒருவர் நாட்டுக்குக் கிடைக்கச் செய்தார். சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் செய்யும் பணிகளில் இதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவருக்குத் தொகுதிப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களானால், இந்தச் சொற்பொழிவின் மையக் கருத்துக்கு வந்துவிட்டோம்.

மத்திய அரசாங்கம் ஆண்டுதோறும் தொகுதிகளுக்கு ஒதுக்கீடு தருகிறது. பள்ளிக்கூட ஓடு மாற்றுவதிலிருந்து முதியோருக்குச் சக்கர நாற்காலி வாங்குவதுவரை அதிலிருந்துதான். நீண்ட காலம் எதிர்க்கட்சி உறுப்பினருக்கு அதில் ஒரு காசு கிடையாது. சுங்கை சிப்புட்டில் 2008இல் டத்தோ ஸ்ரீ சாமிவேலுவைத் தோற்கடித்த டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் இதை எதிர்த்து நீதிமன்றம் போனார். தம் தொகுதி மக்களும் வரி கட்டுகிறார்களே, அவர்களுக்கு உரியதை ஏன் மறுக்கிறீர்கள் என்பதே அவர் கேள்வி. நீதிமன்றம் தலையிடவில்லை. 2018இல் பக்காத்தான் ஆட்சிக்கு வந்ததும் நிலைமை கொஞ்சம் மாறியது: அரசாங்கத் தரப்புக்கு 5 லட்சம் ரிங்கிட், எதிர்த்தரப்புக்கு 1 லட்சம். முன்பு ஒன்றுமே இல்லை என்பதை நினைத்தால் முன்னேற்றம்தான். ஆனால் தேர்தல் அறிக்கையில் சமநீதி பேசியவர்கள் ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டது தவறு. அந்தக் கூட்டணியின் வெற்றிக்காக மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

விளைவு எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள். 2023 அக்டோபரில் எதிர்க்கட்சியான பெர்சத்துவின் கோலகங்சார் உறுப்பினர், தொகுதி நலனுக்காக என்று சொல்லிப் பிரதமருக்கு ஆதரவு தெரிவித்தார். அடுத்தடுத்து மொத்தம் ஆறு பெர்சத்து உறுப்பினர்கள். கட்சியை விட்டு விலகவில்லை, ஆதரவை மட்டும் மாற்றினார்கள்; கட்சித் தாவல் தடைச் சட்டம் அவர்களைத் தொடவில்லை, 2024 ஜூலையில் மக்களவைத் தலைவர் அவர்களுடைய இடங்கள் காலியாகவில்லை என்று முடிவு சொன்னார். அவர்களுடைய மனத்தில் இருந்தது என்ன என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளிக்கூட ஓட்டுக்காக ஓர் உறுப்பினர் தம் அரசியலையே மாற்ற வேண்டியிருக்கிறது என்றால், ஒதுக்கீடு அங்கே தூண்டிலாகிவிட்டது. அதே 2024இல் துணைப்பிரதமர் ஃபடில்லா யூசோஃப் ஒதுக்கீடு தருவது பற்றி எதிர்க்கட்சிக்கு ஒரு புரிந்துணர்வுக் குறிப்பின் வரைவைக் கொடுத்தார். பெரிக்காத்தான் அதிலிருந்த நிபந்தனைகளை ஏற்காமல் மறுத்துவிட்டது. இரு தரப்புக்கும் அவரவர் காரணம் உண்டு. மக்களின் தரப்பில் காத்திருப்பது ஒன்றுதான்.

இந்தியாவில் 1993 முதல் நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. 2011-12 முதல் உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, சுயேச்சை எல்லாருக்கும் ஒரே தொகை. அதிலும் முறைகேட்டுப் புகார்கள் உண்டு. திட்டமே கூடாது என்று தொடுத்த வழக்கை 2010இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பிரிட்டனில் உறுப்பினரின் தொகுதி அலுவலக வாடகையும் ஊழியர் சம்பளமும் ஒரு தனி ஆணையத்தின் வழியாக வருகின்றன. எந்தக் கட்சி ஆண்டாலும் அதே விதிதான். இவை எட்டாக்கனிகள் இல்லை. நம்மைப் போன்ற நாடாளுமன்ற மரபு உள்ளவர்கள் செய்து காட்டியவை.

நம் நாடாளுமன்றத்துக்கு ஒன்றுசேரத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2019 ஜூலை 16 அன்று வாக்களிக்கும் வயதை 18 ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 211 பேர் ஆதரவளித்தார்கள். அவையில் எதிர்த்தவர் ஒருவரும் இல்லை. 2021 செப்டம்பர் 13 அன்று, கோவிட் உச்சத்தில், பிரதமர் இஸ்மாயில் சப்ரியும் எதிரணியிலிருந்த பக்காத்தானும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன் கனியாக 2022 ஜூலை 28 அன்று கட்சித் தாவல் தடைத் திருத்தம் 209 வாக்குகளோடு நிறைவேறியது.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது, பத்திரிகைகள் அதிகம் எழுதாத ஒரு முயற்சி. நிலைத்தகு வளர்ச்சி இலக்குகளுக்கான அனைத்துக் கட்சி நாடாளுமன்றக் குழு. 2019இல் மக்களவை ஒப்புதலுடன் உருவானது. தலைவர் பெட்டாலிங் ஜெயா உறுப்பினராக இருந்த மரியா சின் அப்துல்லா, செயலகத்தை வழிநடத்தியவர் நம் பேராசிரியர் டெனிசன் ஜெயசூரியா. 2020இல் பத்துத் தொகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். பாஸ் வசமிருந்த பெண்டாங், பெர்சத்து வசமிருந்த ஜெலி, ஜசெக வசமிருந்த பெந்தோங், நமக்கு அடுத்த வீடான செலாயாங், சபா சரவாக் தொகுதிகள் என எல்லா நிறமும் அதில் இருந்தன. ஆய்வாளர்கள் தொகுதிக்குள் போய் மக்களோடு உட்கார்ந்து பேசுவார்கள்: அடுக்குமாடிக் குடியிருப்பில் என்ன குறை, மீனவர்களுக்கு என்ன தேவை, பிள்ளைகள் ஏன் பள்ளியிலிருந்து நிற்கிறார்கள். அறிக்கை எழுதுவார்கள். பிறகு உள்ளூர் அமைப்புகளுக்குச் சிறு மானியம் கொடுத்து அதே குறையைத் தீர்க்கும் திட்டம் நடக்கும். பணம் நிதியமைச்சிலிருந்து வந்தது. எந்த உறுப்பினரும் அதற்காக யாருக்கும் ஆதரவுக் கடிதம் எழுத வேண்டியதில்லை. இந்த இடைக்காலத்தில் ஆட்சி மாறியது, பிரதமர்கள் மாறினார்கள், குழு நின்றுபோகவில்லை. கட்சி கடந்த தொகுதிப் பணி மலேசியாவில் சாத்தியமா என்று கேட்பவருக்கு இதுவே சான்று.

இன்றைய உறுப்பினரின் பணியையும் சொல்லாமல் விடக்கூடாது. இரமணன் 2023 டிசம்பரில் தொழில்முனைவோர், கூட்டுறவு மேம்பாட்டுத் துணையமைச்சர் ஆனார். 2025 டிசம்பரில் மனிதவள அமைச்சர். துணையமைச்சராக இருந்த காலத்தில், 2024இல், இந்தியச் சிறுதொழில்களுக்கு மூன்று கடன் வழிகள் திறந்தன: தெக்குன் வழியாக ஸ்பூமி கடன் திட்டத்துக்குக் கூடுதலாக 3 கோடி ரிங்கிட், அமானா இக்தியார் வழியாக இந்தியப் பெண்களுக்கான பெண் திட்டத்துக்கு 5 கோடி, பேங்க் ராக்யாட்டின் பிரீஃப்-ஐ திட்டத்துக்கு 5 கோடி. நாசி லெமாக் கடை வைத்திருக்கும் அக்காவுக்கும் தையல் இயந்திரம் வாங்க நினைக்கும் தங்கைக்கும் இவை உண்மையான பணம். வரவேற்கிறேன். கூடவே ஒன்றைப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். இவை அமைச்சின் வேலை. நாடு முழுவதற்கும் உரியவை. தொகுதி உறுப்பினர் என்ற வேலை வேறு. அமைச்சர் பொறுப்பில் இருக்கும் உறுப்பினருக்குத் தொகுதியில் நேரம் குறையும். அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது மேல்மாடி அறையில் இருக்கும் உதவியாளர்கள். அவர்களுடைய தரம்தான் சேவையின் தரம்.

அந்த அறைக்கு நம் சட்டத்தில் இடமில்லை என்பதே என் மனக்குறை. சேவை மையம் உறுப்பினர் தாமே ஏற்பாடு செய்துகொள்வது. தேர்தலில் தோற்றால் அடுத்த வாரம் பலகை இறங்கும். உதவியாளர்கள் வேறு வேலை தேடிப் போவார்கள். கோப்புகள்? பல இடங்களில் பெட்டிகளில் கட்டி எங்கேயோ போய்விடுகின்றன. 15ஏ மனு போட்டு மூன்றாண்டு காத்திருந்த குடும்பம் புதிய ஒய்.பி.யிடம் வந்து முதலிலிருந்து கதை சொல்கிறது. பழையவரிடம் போனதை வாய்திறந்து சொல்லவும் அஞ்சுகிறது. அந்தக் கட்சிக்காரன் என்று முத்திரை விழுந்துவிடுமோ என்ற பயம். 2025 மார்ச்சில் மக்களவை நாடாளுமன்றச் சேவைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1992இல் ரத்துச் செய்யப்பட்ட சட்டம் முப்பதாண்டுக்குப் பின் மறுபிறவி எடுத்தது. நாடாளுமன்றத்துக்குச் சொந்த ஊழியர்கள் என்ற கொள்கை வந்துவிட்டது. அதை ஒரு படி நீட்டித் தொகுதி அலுவலகத்தையும் நாடாளுமன்றத்தின் அலுவலகமாக ஆக்கலாம். உறுப்பினர் மாறுவார், அலுவலகமும் கோப்பும் அங்கேயே இருக்கும், கோப்பை ஒப்படைக்க ஒரு முறையும் தனிமனித விவரத்தைக் காக்க ஒரு விதியும் இருக்கும். ஒதுக்கீட்டைச் சட்டத்தில் எழுதி, தொகுதியின் மக்கள்தொகை, பரப்பு, வறுமை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடலாம். யாருக்கு வாக்களித்தார்கள் என்பது அந்தக் கணக்கில் வரவே கூடாது.

சேவை மையங்களின் பதாகைகளில் உதவியைவிட உறுப்பினரின் முகம் பெரிதாக இருப்பதையும் நாம் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அரிசி மூட்டையைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கும்போது குனிந்த தலையோடு நிற்கும் பாட்டியின் முகம் எனக்கு மறப்பதில்லை. அது அவருடைய வரிப்பணம், அவருடைய உரிமை.

இங்கே வந்திருக்கும் உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை சேவை மையத்துக்குப் போகும்போது மனுவின் நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், கோப்பு எண்ணைக் கேளுங்கள், தேதியைக் குறித்துவையுங்கள். நாடாளுமன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும், அவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும், தயங்காமல் போங்கள். கோயில் நிர்வாகங்களும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இளைஞர் இயக்கங்களும் ஒரு கடிதத்தில் சேர்ந்து கையெழுத்திட்டு, ஒதுக்கீட்டைச் சட்டமாக்கும்படியும் கோப்புகளைத் தொகுதியிலேயே வைக்கும்படியும் கேளுங்கள். அந்தக் கடிதத்தைப் பிகேஆர் அலுவலகத்துக்கும் பாஸ் அலுவலகத்துக்கும் ஒரே நாளில் கொண்டு கொடுங்கள். அடுத்த தேர்தலில் சுங்கை பூலோவில் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும், உங்களுக்கு வாக்களிக்காதவருக்கு என்ன செய்வீர்கள் என்று முதலில் கேளுங்கள்.